கட்டையைச் செதுக்கிய கைக்கும் ஒரு வரி

அச்சுப்படங்களுக்குக் குறிப்பட்டை எழுதும் அருங்காட்சியகத்தாருக்கு,

வணக்கம். மடல் தமிழில் இருக்கிறது, மன்னிக்கவும். தெரிந்தவர் யாரையாவது வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் பேசப்போகும் இயேசுவின் உவமைக் கதைகளை முதலில் தமிழில்தான் கேட்டேன். அவற்றுக்காகச் சண்டை போடவும் எனக்குத் தமிழ்தான் வாகாக இருக்கிறது.

சென்ற ஆண்டு வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எது என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. பெரிய பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களைத் தாண்டி, கழிவறைக்குப் போகும் வழியில், மங்கலான வெளிச்சத்தில் ஒரு சின்னப் படம் தொங்கியது. ஒரு பெண் ஒரு கையில் மெழுகுவர்த்தியும் ஒரு கையில் துடைப்பமுமாகக் குனிந்து தரையைப் பார்க்கிறாள். சுற்றிலும் இருட்டு. யாரென்று சொல்ல வேண்டியதே இல்லை. பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்தவள். விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடுகிறாள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொன்ன கதை.

பக்கத்தில் குறிப்பட்டை. ஜான் எவரெட் மில்லே என்ற பெயர், 1864 என்ற ஆண்டு, படத்தின் தலைப்பு, கடைசியில் ‘தாளில் மை’. அவ்வளவுதான். தாளில் மை என்றால், மளிகைக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டும் தாளில் மைதான்.

எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தல் என்று கேட்பீர்கள். என் அப்பா ஒரு சிற்றூரில், காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், சபைக் கூட்ட அறிவிப்பு, எல்லாம் அடிப்போம். படம் அடிக்கும் அச்சுக்கட்டையைப் பிளாக் என்போம். பிள்ளையார் பிளாக் ஒன்று, சிலுவை பிளாக் ஒன்று, இரண்டும் ஒரே தகர டப்பாவில் கிடக்கும். பிளாக்கின் உயரம் எழுத்தின் உயரத்துக்கு வராவிட்டால் படம் விழாது. அதற்காக அடியில் தாளைக் கிழித்து ஒட்டி ஏற்றிக் கொடுப்பது என் வேலை. ஒரு தாள் கூடிப்போனால் பிள்ளையாரின் தும்பிக்கை கறுப்பாக அப்பிக்கொள்ளும். ஆகவே அச்சுப்படம் ஒன்றைப் பார்த்தால் முதலில் மையைத்தான் பார்ப்பேன், அப்புறம்தான் படத்தை. பழக்கதோஷம்.

அந்தச் சுவரில் இருந்ததை மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தேன். காவலர் ஒருமுறை இருமினார். படத்தைச் சுற்றி வைத்த மவுண்ட் அட்டை கீழ் ஓரத்தை ஒரு நூல் அளவுக்கு மறைத்திருந்தது. இந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் செதுக்கிய பட்டறையின் பெயர் இருக்கும். டால்சியல் என்ற பெயர், அதோடு ‘செதுக்கியது’ என்பதற்கான லத்தீன் சுருக்கம். மில்லேயின் முத்திரையெழுத்து மட்டும் தப்பித்துப் பளிச்சென்று தெரிந்தது.

வேலை நடந்த விதத்தை நீங்கள் அறியாதவர்கள் இல்லை. இருந்தாலும் இந்த மடலை எட்டிப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். லண்டனில் டால்சியல் சகோதரர்கள், படம் அச்சடிக்க மரக்கட்டை செதுக்கிக் கொடுக்கும் பட்டறை நடத்தினார்கள். ஜார்ஜும் எட்வர்டும் தொடங்கியது. ஜானும் தாமசும் சேர்ந்தார்கள், தங்கை மார்கரெட்டும் உட்கார்ந்து செதுக்கினார். 1857இல் அவர்கள் ஆங்கில ஓவியர் மில்லேயிடம் போய், இயேசுவின் உவமைகளுக்கு முப்பது படங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். மில்லே ஒப்புக்கொண்டார். அவசரப்படவில்லை. ஒவ்வோர் உவமைக்கும் ஏறக்குறைய ஒரு டஜன் தடவை வரைந்து பார்த்தபிறகே ஒன்றை முடிவு செய்ததாக அவரே அவர்களுக்கு எழுதியிருக்கிறார். ஆறு ஆண்டுகள் ஓடின. முப்பது இருபதாகச் சுருங்கியது. 1863இல் பன்னிரண்டு படங்கள் ‘குட் வேர்ட்ஸ்’ என்ற மாத இதழில் வந்தன. அந்த ஆண்டுக் கடைசியில் இருபதும் சேர்ந்து ஒரு நூலாக, 1864 என்ற ஆண்டு போட்டு வெளியானது.

இதழில் முதலில் வந்தது என்ற இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘குட் வேர்ட்ஸ்’ ஆறு பென்ஸ் விலை. ஆசிரியர் நார்மன் மக்லவுட் ஸ்காட்லாந்துப் போதகர். அன்றைய பிரிட்டிஷ் நடுத்தரக் குடும்பத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் விளையாட்டுச் சாமானை எடுத்துப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள், கதைப் புத்தகம் கூடாது. பிள்ளைகள் பார்க்க அனுமதியுள்ள படம் வேதப்படம்தான். மதியத்துக்கு மேல் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, விளக்குக்குக் கீழே இதழை விரித்து வைத்து, ஒரு பிள்ளை பக்கம் புரட்ட மற்றதுகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க, இப்படிப் பார்க்கப்பட்ட படம் இது. 14 சென்டிமீட்டர் உயரம், 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம். கையில் பிடித்துப் பார்க்கிற அளவு. அதைக் கழிவறைப் பாதையில் ஐந்தடி உயரத்தில் மாட்டி வைத்தால் யார் நின்று பார்ப்பார்கள்?

(அந்த இதழையும் சும்மா விடவில்லை. பக்தியும் உலக விஷயமும் ஒரே அட்டைக்குள் கலந்து கிடக்கின்றன என்று கடுமையான சமயப் பத்திரிகை ஒன்று 1863இலேயே தாக்கி எழுதியது. ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.)

மில்லே இந்த உவமைகளை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பாருங்கள். அவர் மனைவி எஃபியின் தாய்வீடு ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில், பௌயர்ஸ்வெல் என்ற வீடு. பின்னணிகள் பலவற்றை அந்த வீட்டிலும் சுற்றுப்புறத்திலும் கண்ணால் பார்த்து வரைந்தார். விதைக்கிறவன் விதைப்பது கலிலேயாவில் இல்லை, பெர்த்ஷயர் மண்ணில். கெட்ட குமாரன் திரும்பி வந்து தகப்பனைக் கட்டிக்கொள்ளும் இடமும் ஸ்காட்லாந்துப் புல்வெளிதான். ‘புளித்த மா’ உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். வேதத்தில் ஒரே வசனம். ஒரு பெண் புளித்த மாவை எடுத்து மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள், முடிந்தது. மில்லே படத்தில் ஒரு பெண் மாவு பிசைகிறாள், பக்கத்தில் ஒரு சிறுமி. பரலோக ராஜ்யம் என்ற பெரிய பேச்சுக்கு அடுப்படியில் ஒரு தொட்டி மாவு. பார்க்கிற பிள்ளைக்கு அது தன் வீட்டுச் சமையலறை.

எல்லாப் படமும் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அநீதியுள்ள நியாயாதிபதி தலைப்பாகை கட்டிக் கீழைநாட்டுக்காரராக உட்கார்ந்திருக்கிறார். கெட்டவன் என்றால் தலைப்பாகை, நல்லவள் என்றால் ஸ்காட்லாந்து அடுப்படி, இந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் ஒரு வரி குறிப்பட்டையில் எழுதினால் குடி முழுகிவிடாது.

இதே மில்லே 1850இல் இயேசுவின் பிள்ளைப் பருவத்தைத் தச்சுப்பட்டறையில் வைத்து ஓர் எண்ணெய் ஓவியம் தீட்டியபோது லண்டனே கொதித்தது. தரையெல்லாம் மரச்சீவல், உழைத்துக் காய்த்துப்போன கைகால்கள். சார்லஸ் டிக்கன்ஸ் தன் இதழில் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார். திருக்குடும்பத்தைச் சாதாரண வேலைக்காரக் குடும்பமாகக் காட்டலாமா என்பது அன்றைய ஆத்திரம். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே கை உவமையைத் துடைப்பத்தோடும் மாவோடும் வரைகிறது. அது போதகர் நடத்தும் இதழில் வருகிறது, வீடுகள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. நடுவில் என்ன மாறியது என்று யோசித்துப் பார்த்தேன். உவமை கதை என்பதால் சலுகை கிடைத்திருக்கலாம். ஆனால் முக்கியமான காரணம் அளவு என்றே நினைக்கிறேன். காட்சிக்கூடத்தில் எல்லார் முன்னாலும் தொங்கினால் அது வாதம். மடியில் விரித்தால் வீட்டுப் பொருள்.

அந்த வீட்டுப் பொருளை உண்டாக்கிய வேலைக்கு வருகிறேன். என் மனத்தாங்கல் அதுதான்.

பாக்ஸ்வுட் என்ற மரம் மெல்ல வளரும், இரும்புபோல் இறுகியிருக்கும். அதை நீளவாக்கில் பலகையாக அறுக்காமல், வளையங்கள் தெரியும்படி குறுக்கே அறுப்பார்கள். அந்த முகத்தில் எந்தத் திசையில் உளி ஓடினாலும் நார் பிசிறாது. அடிமரமே ஒல்லி என்பதால் பெரிய படம் வேண்டுமானால் துண்டுகளைச் சேர்த்து முடுக்க வேண்டும். மேலே மெல்லிய வெள்ளைப் பூச்சு. அந்த வெள்ளையில்தான் ஓவியர் நேரடியாக வரைவார், அதுவும் இடவலம் மாற்றி. அப்புறம் கட்டை செதுக்குகிறவரிடம் போகும். மணல் அடைத்த தோல் திண்டின்மேல் கட்டையை வைத்து, ஒரு கையால் கட்டையைத் திருப்பியபடி மறு கையால் உளியைத் தள்ளுவார். இராத்திரி வேலை என்றால் விளக்குக்கு முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை. வெளிச்சம் அதன் வழியே குவிந்து கட்டைமேல் விழும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓவியர் கறுப்புக் கோடு போடுகிறார். செதுக்குகிறவர் அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ளதைத்தான் எடுக்கிறார். வெள்ளிக்காசு படத்தில் இருட்டு முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கோடுகள். மில்லேக்கு அது பென்சிலால் இரண்டு வீச்சு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டு வரிசைக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கடுகைவிடச் சிறிய சாய்சதுரங்கள் உண்டாகின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தோண்டி எடுக்க வேண்டும். உளி ஒரு மயிரிழை தப்பினால் கோடு அறுந்துவிடும். மரத்தை எடுக்கலாம், திரும்ப வைக்க முடியாது. மெழுகுவர்த்தியின் வெளிச்சம் என்று நாம் பார்ப்பது, கட்டையிலிருந்து அகற்றப்பட்ட மரம். விளக்கடியில் குனிந்து, துளித்துளியாக வெள்ளையைத் தேடி எடுத்த ஒருவரின் இராத்திரி அது. படத்திலுள்ள பெண்ணும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. செதுக்கச் செதுக்க ஓவியரின் மூல வரைபடம் அழிந்துபோகிறது. மில்லே கட்டைமேல் போட்ட கோடுகளைப் பார்த்த கடைசிக் கண்கள் செதுக்கியவருடையவை. சுவரில் நாம் பார்ப்பது அந்த வாசிப்பைத்தான். சரிபார்க்க அடித்த புரூஃப் போய், மில்லே அதில் திருத்தம் குறித்து அனுப்ப, மறுபடி உளி எடுக்க, இப்படிப் போய் வந்துதான் முடிவாகியிருக்கிறது. செதுக்கிய கட்டை எழுத்தின் உயரத்துக்கு நிற்கும். ஆகவே பக்கத்திலேயே எழுத்தையும் கோத்து ஒரே அச்சில் அடிக்கலாம். செப்புத் தகட்டுப் படத்துக்கு அந்த வசதி கிடையாது, தனி இயந்திரம், தனி ஓட்டம். ஆறு பென்ஸ் இதழுக்குள் இந்தத் தரத்தில் படம் வந்ததற்கு அடிப்படை இந்த உயரக் கணக்கு. தாள் கிழித்து ஒட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

செதுக்கியவர் சொதப்பினால் மட்டும் ஓவியர்களுக்கு அவர் ஞாபகம் வரும். மில்லேயின் நண்பரான ஓவியர் ரோசெட்டி தன் படங்களை டால்சியல்கள் வெட்டிச் சாய்த்துவிட்டதாகக் கேலிச் செய்யுளே எழுதினார். நன்றாக வந்தால் படம் ஓவியருடையது, கெட்டுப்போனால் செதுக்கியவருடையது. எங்கள் அச்சகத்திலும் இதே நியாயம்தான். பத்திரிகை அழகாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டாரின் ரசனை, எழுத்துப்பிழை இருந்தால் எழுத்துக் கோத்த கம்போசிட்டர்.

டால்சியல் என்ற பெயருக்குள்ளும் ஓர் அடுக்கு ஒளிந்திருக்கிறது. சகோதரர்கள் தங்கள் பெயரை நன்றாகவே காப்பாற்றிக்கொண்டார்கள். 1865இல் ஆலிஸ் கதைக்கு ஓவியர் டெனியல் வரைந்த படங்களின் கட்டைகளிலும் அதே பெயர்தான். ஆனால் பட்டறையில் உட்கார்ந்து உளி தள்ளிய கூலிச் செதுக்குநர்களும் பயிலுநர்களும் தங்கள் பெயரைப் போட முடியாது. எல்லாருடைய உழைப்பும் ‘டால்சியல்’ என்ற ஒரே கையெழுத்துக்குள் போய்விடும். திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் ஒரு பணம் கிடைத்தது. அந்த உவமையின் கட்டையையே செதுக்கியவருக்கு, அது அவர்தான் என்று சொல்ல ஓர் எழுத்துகூட ஓரத்தில் கிடைக்கவில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். எந்தக் கட்டையை யார் செதுக்கினார் என்று ஆவணம் இல்லாதபோது எப்படி எழுதுவது? நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1913இல் இந்தப் பட்டறையின் புரூஃப் தொகுதிகளை வாங்கி வைத்தது. 49 தொகுதிகள், ஏறத்தாழ 54,000 படங்கள். அவர்களின் பட்டியலில் டால்சியல் பெயர் உரிய இடத்தில் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். வேறு சில பெரிய இடங்களிலும் ‘டால்சியல் சகோதரர்கள் செதுக்கியது’ என்று பட்டியலில் எழுதுகிறார்கள். பட்டியலில் இருப்பது சுவருக்கு வரும்போது எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. பெயர் தெரியாவிட்டால் ‘பெயர் தெரியாத செதுக்குநர்கள்’ என்று எழுதுங்கள். பெயர் தெரியாத மண்பாண்டக் கலைஞர், பெயர் தெரியாத சிற்பி என்றெல்லாம் மற்ற அறைகளில் எழுதுகிறீர்களே.

எல்லா அச்சுப்படத்துக்கும் இப்படிப் பிடிவாதம் பிடிக்கவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஏமஸ் டூலிட்டில் 1814இல் கெட்ட குமாரன் கதையை நான்கு படங்களாக வெளியிட்டார். பங்கு வாங்குவது, கூத்தடிப்பது, பன்றிகளோடு கிடப்பது, திரும்புவது. எல்லாரும் அந்தக் காலத்து அமெரிக்கக் கோட்டு சூட்டில். வீட்டுச் சுவரில் வரிசையாக மாட்ட வசதியான நான்கு. அவர் தகடு செதுக்குவதைத் தொழிலாகக் கொண்டவர், அவர் பெயர் போதும். பிரெஞ்சு ஓவியர் ஜேம்ஸ் டிசோ 1881இல் அதே கதையை விக்டோரியா காலத்து லண்டனுக்குக் கொண்டுவந்து நான்கு அமிலச் செதுக்குப் படங்களாக்கினார். மகன் போகும் தூரதேசம் ஜப்பான், திரும்புவது கப்பல் துறைக்கு. தகட்டில் ஊசி ஓட்டியது டிசோவின் சொந்தக் கை. ஒரு பெயர் போட்டால் கணக்குச் சரி. மில்லேயின் உவமைகளுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. வரைந்த கை வேறு, செதுக்கிய கை வேறு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குறிப்பட்டை இப்படி இருக்கட்டும்:

‘காணாமற்போன வெள்ளிக்காசு. மரக்கட்டைமேல் வரைந்தவர் ஜான் எவரெட் மில்லே. செதுக்கியது லண்டன் டால்சியல் பட்டறை, பெயர் பதிவாகாத செதுக்குநர்களின் கையால். 1864 நூலுக்காக. இந்த வரிசையில் பன்னிரண்டு படங்கள் முதலில் ஆறு பென்ஸ் மாத இதழில் வந்து வீடுகளுக்குப் போயின.’

எண்ணிப் பார்த்தேன், முப்பது சொல்கூட இல்லை. ‘தாளில் மை’ என்பதை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

மவுண்ட் அட்டையைப் படத்தின் ஓரத்துக்கு வெளியே வெட்டச் சொல்லுங்கள். கீழ் ஓரத்துக் கையெழுத்தும் படத்தைச் சேர்ந்ததே. அச்சுப்படங்களுக்கு வெளிச்சம் ஆகாது, மங்கலாகத்தான் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதில் குறையில்லை. ஆனால் சுவரில் மாட்டாமல் சாய்வு மேசையில், உட்கார்ந்து பார்க்கிற மாதிரி வைக்கலாமே. ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கிற உயரத்தில்.

அப்புறம், ஒரு பூதக்கண்ணாடியைச் சங்கிலியில் கட்டி அந்த மேசையில் தொங்கவிடுங்கள். துடைப்பத்துக்குப் பின்னால் உள்ள இருட்டில் அந்தச் சாய்சதுரங்களை ஓர் அங்குலத்துக்கு எண்ணிப் பார்க்கட்டும். எனக்கு அன்றைக்கு நாற்பதைத் தாண்ட முடியவில்லை, காவலர் இரண்டாவது முறை இருமிவிட்டார். பிள்ளைகள் வந்தால் கண்ணாடிப் பரப்பெல்லாம் விரல்ரேகையாகிவிடும் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். சாயங்காலம் ஒரு துணி எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
டிரெடில் சத்தத்தில் வளர்ந்த ஒருவன்